உற்பத்தியான யூனிட்டும் மிச்சமான யூனிட்டும்

"ஒரு பைசா முதலீடு வேண்டாம். கூரையை மட்டும் கொடுங்கள். மாதாமாதம் சந்தா கட்டினால் போதும், ஈ.பி. பில் பாதியாகிவிடும்." கோவை கொடிசியா வளாகக் கண்காட்சி அரங்குகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும், தொழிற்பேட்டைச் சங்கக் கூட்டங்களிலும் இந்த வாசகம் இப்போது சர்வசாதாரணம். தொழிற்சாலைகளிடம் இதற்கு ஓபெக்ஸ் என்று பெயர், அரசு ஆவணங்களில் ரெஸ்கோ, வீடுகளிடம் சந்தா. அடிப்படை ஒன்றுதான். நிறுவனம் தன் செலவில் சோலார் பேனலைப் போட்டுப் பராமரிக்கும். நாம் 15 முதல் 25 ஆண்டுகள் வரை யூனிட் கணக்கிலோ மாதத் தொகையாகவோ கட்டுவோம்.

இதை மோசடி என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பணம் புரட்ட முடியாத சிறு ஆலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இது உண்மையிலேயே ஒரு வழி. என்னை உறுத்துவது, "மிச்சம்" என்ற சொல்லை அந்த வாசகம் கையாளும் விதம். சந்தா பில்லில் இருப்பது பேனல் உற்பத்தி செய்த யூனிட்டுகள். ஈ.பி. பில்லில் குறைவது வேறொரு கணக்கு. இந்த இரண்டும் ஒன்றேபோல நகரும் என்று எல்லாரும் எண்ணிக்கொள்கிறோம். தமிழ்நாட்டின் கட்டண அமைப்பில் அவை ஒன்றுபோல நகர்வதே இல்லை. இதைப் பார்க்காமல் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பலர்.

முதல் கிலோவாட்டும் மூன்றாவது கிலோவாட்டும்

வீட்டில் தொடங்குவோம். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடும் வீடு. ஒரு ஏசி, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு இது கோடைக்காலத்தில் சாதாரணம். 2024 ஜூலைக் கட்டணத்தை ஒட்டிப் போட்டால் இந்த வீட்டின் பில் ஏறக்குறைய 3,900 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டரை ரூபாயில் தொடங்கி மேலே ஏறும். இதற்கெல்லாம் மேலாக, 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படிகளின் (குறைந்த யூனிட் வரம்புகளின்) மானியத்திலும் ஒரு பகுதி போய்விடும். 500 யூனிட் ஓடிய வீடு ஏறக்குறைய 1,800 ரூபாய் கட்டினால், 501 யூனிட் ஓடிய வீடு ஏறக்குறைய 2,090 கட்டும். ஒரே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 290 ரூபாய். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீடுகளில் சத்தம் எழுவது இதனால்தான்.

இப்போது இந்த வீட்டுக் கூரையில் ஒவ்வொரு கிலோவாட்டாக ஏற்றிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. முதல் கிலோவாட் வந்ததும் நிகர யூனிட் 700-லிருந்து 460-க்கு இறங்குகிறது. 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் பழைய மானியமும் திரும்புகிறது. பில் ஏறக்குறைய 1,550. மிச்சம் 2,350, யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்றுக் கீழே. இரண்டாவது கிலோவாட் 460-ஐ 220 ஆக்குகிறது. பில் ஏறக்குறைய 330. இந்த இரண்டாவது கிலோவாட் மிச்சப்படுத்தியது 1,220 சொச்சம், யூனிட்டுக்கு ஐந்து ரூபாய். மூன்றாவது கிலோவாட் எஞ்சிய 220-ஐயும் துடைத்துவிடும். ஆனால் அதில் மிச்சமாவது அந்த 330 ரூபாய் மட்டும். யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. ஏனென்றால் அது விரட்டுவது ஏற்கெனவே இலவசமாகவும் அரை விலையிலும் வந்துகொண்டிருந்த யூனிட்டுகளை.

பேனலைப் பொறுத்தவரை மூன்று கிலோவாட்டும் ஒரே வெயிலில் ஒரே அளவு மின்சாரம் தருகின்றன. சந்தாவும் மூன்றுக்கும் ஒரே விலை. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 1,200 கட்ட வேண்டும். முதல் கிலோவாட்டில் 1,150 ரூபாய் ஆதாயம். இரண்டாவதில் வரவும் செலவும் சரிக்குச் சரி. மூன்றாவதில் 870 ரூபாய் நட்டம். மூன்றையும் சேர்த்துப் போட்டவருக்கு நிகர ஆதாயம் 300 ரூபாய். ஒரே ஒரு கிலோவாட் போட்டவருக்கு 1,150. பெரிய அமைப்பை வாங்கியவர் குறைவாக மிச்சம் பிடிக்கிறார்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு சந்தா விளம்பரங்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. விற்பவருக்கு 3 கிலோவாட், 5 கிலோவாட் என்று ஏற ஏற லாபம். ஆள் அனுப்புவதும் அனுமதிக்கு அலைவதும் நெட் மீட்டர் (உள்ளே வந்த யூனிட்டிலிருந்து வெளியே போன யூனிட்டைக் கழிக்க உதவும் மீட்டர்) வாங்குவதும் ஒரு கிலோவாட்டுக்கும் ஐந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான். அதனால் சின்ன அமைப்பைச் சந்தாவில் போட்டுத் தர யாரும் முன்வருவதில்லை. வீட்டுக்காரருக்குத் தேவையானதும் நிறுவனத்துக்குக் கட்டுபடியாவதும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கோ எந்த அளவிலான சந்தாவும் வேண்டாம். அந்த வீட்டு பில்லே மாதத்துக்கு 350 ரூபாயை ஒட்டித்தான் வருகிறது. அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

மேலே போட்ட கணக்கு சராசரிக் கணக்கு. நெட்வொர்க் கட்டணம் (கூரை சோலார் வைத்திருப்பவர் ஈ.பி. மின்தடத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) போன்ற பிடித்தங்கள் எதையும் அதில் சேர்க்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 900 யூனிட் ஓடும் வீடு மார்கழியில் 350-க்கு இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பேனலும் படுத்துவிடும். அதனால் ஒரு பில்லை வைத்து அளவை முடிவுசெய்வது தவறு. ஆறு பில்லும் வேண்டும்.

கடனா, சந்தாவா

வீடுகளைப் பொறுத்தவரை சந்தாவுக்குப் பலமான போட்டி மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு அரசே மானியத்தைக் குறைத்துத் தருகிறது. யூனிட் கூடக்கூட விலை ஏறும் நம் படிக்கட்டணத்தில் கிடைத்த விடையும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

இரண்டு லட்சம் வரையிலான அமைப்புக்கு அடமானம் இல்லாத வங்கிக் கடனும் உண்டு. திட்டம் தொடங்கியபோது வட்டி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மானியம் போக 1,20,000 ரூபாய் கடன், பத்து ஆண்டு தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 1,390 ரூபாய் வரும். சந்தா நிறுவனம் கேட்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் பத்தாவது ஆண்டில் முடியும், அதன் பிறகு பேனல் தருவதெல்லாம் நம்முடையது. சந்தா இருபதாவது ஆண்டிலும் ஓடும். சந்தாவுக்குக் கிடைக்கும் ஒரே நியாயம் பராமரிப்பு. பேனல் 25 ஆண்டு நிற்கும் என்றாலும் பேனலின் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை 8 முதல் 12 ஆண்டுக்குள் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூசி கழுவும் வேலையும் நிறுவனத்தின் தலையில் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை மாதம் 200 ரூபாயா 800 ரூபாயா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

மானியத்தோடு ரெஸ்கோ முறையில் போடுவதற்கும் 2024 டிசம்பரில் விதிமுறைகள் வந்தன. அதன்படி குறைந்தது ஐந்து ஆண்டு அமைப்பு நிறுவனத்தின் சொத்தாக இருந்து, பிறகு வீட்டுக்காரருக்கு மாற வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த மாற்றம் எந்தத் தேதியில், எந்த விலையில் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மானியம் யார் கணக்கில் விழுகிறது, அது சந்தாவில் எப்படிக் கழிகிறது என்பதும் எழுத்தில் வேண்டும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை, அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 பிப்ரவரித் திருத்தம் சொல்கிறது. 5 கிலோவாட் வரை மின்தடத்தை வலுப்படுத்தும் செலவும் மின்பகிர்மானக் கழகத்துடையது. ஆகவே "அனுமதி வாங்கும் சிரமத்துக்காக" என்று தனிக் கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொன்று. மின்சாரம் நின்றால் பேட்டரி இல்லாமல் ஈ.பி. மின்தடத்தோடு (கிரிட்) இணைந்து ஓடும் கிரிட் டை இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. நட்ட நடு மதியம், கூரை நிறைய பேனல், வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்பது பலருக்குப் பேரதிர்ச்சி. சந்தாவில் சேரும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணி பி.எஃப்

தொழிற்சாலைக்குப் போனால் வில்லங்கம் வேறு வடிவம் எடுக்கிறது. எச்.டி. (உயரழுத்த) இணைப்புக்குப் படிக்கட்டணம் கிடையாது, எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை. அதனால் யூனிட் 7 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஆலைக்கு 4.50-க்குச் சோலார் என்றால் கணக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. இதை வைத்துத்தான் விற்பனை நடக்கிறது. ஆனால் எச்.டி. பில்லில் யூனிட் ஒரு வரி மட்டுமே.

500 கேவிஏ ஒப்பந்த டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுக்க ஒப்புக்கொண்ட உச்ச அளவு) உள்ள ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். டிமாண்ட் சார்ஜ் பதிவான உச்சத்துக்கோ ஒப்பந்தத்தில் 90 சதவீதத்துக்கோ, எது அதிகமோ அதற்கு. குறைந்தது 450 கேவிஏ. கேவிஏ-வுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டிய கட்டணத்தில் இது மட்டும் 2,70,000 ரூபாய். கூரையில் 300 கிலோவாட் போட்டாலும் இந்த வரியில் ஒரு ரூபாய் குறையாது. மாலை ஷிஃப்ட் ஓடுகிற ஆலையில் உச்சம் ஏழு மணிக்கு விழுகிறது, அப்போது சூரியன் இல்லை. பகல் ஷிஃப்ட் மட்டும் ஓடினாலும் ஒரு கருமேகம் சற்று நேரம் நின்றால் போதும், பழைய உச்சம் அப்படியே பதிவாகிவிடும். மாலை 6 முதல் 10 வரையிலான பீக் அவர் எனும் உச்ச நேரத்துக்குக் கூடுதலாகக் கட்டும் 25 சதவீதத்தையும் கூரைப் பேனல் தொட முடியாது.

அடுத்தது பவர் ஃபேக்டர் (பி.எஃப்), இழுக்கும் மொத்தத்தில் (கேவிஏ) உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு. இதில்தான் பலருக்கும் அடி விழுகிறது. காரணம் எளிது. பகலில் ஆலையின் சுமை 400 கிலோவாட், பி.எஃப்-ஐ உயர்த்தும் கெபாசிட்டரெல்லாம் ஒழுங்காக வேலை செய்து பி.எஃப் 0.98. இந்த நிலையில் கிரிட்டிலிருந்து இழுக்கும் ரியாக்டிவ் பவர் (மோட்டார்களின் காந்தப்புலத்துக்குப் போகும், வேலை செய்யாத பகுதி) ஏறக்குறைய 81 கேவிஏஆர். இப்போது சோலார் 250 கிலோவாட் தருகிறது. கிரிட்டிலிருந்து வரும் கிலோவாட் 150 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் இன்வெர்ட்டர் யூனிட்டி பி.எஃப்-ல் (1.0, கிலோவாட் மட்டும் தந்து) ஓடுவதால் ரியாக்டிவ் மொத்தமும் இன்னும் கிரிட்டிலிருந்தே வருகிறது, அதே 81. இப்போது ஈ.பி. மீட்டர் பார்க்கும் பி.எஃப் 0.88. ஆலைக்குள் எந்த மோட்டாரும் மாறவில்லை, எந்த கெபாசிட்டரும் கெடவில்லை. எச்.டி. நுகர்வோருக்கு 0.90-க்குக் கீழே போனால் அபராதம். கணக்கு மாதச் சராசரியில் என்பதால் இரவு ஷிஃப்ட் உள்ள ஆலை ஓரளவு தப்பும். பகல் மட்டும் ஓடும் ஆலைக்குத் தப்ப வழியில்லை.

சரிசெய்ய முடியாத சிக்கல் இல்லை இது. முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டர்களைத் தானாக ஏற்றி இறக்கும் ஏ.பி.எஃப்.சி. பேனலின் சி.டி. (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எங்கே மாட்டியிருக்கிறது என்பதை. சோலார் வந்து சேரும் இடத்துக்கு உள்பக்கம், சுமையின் பக்கம் இருந்தால் அதன் கண்ணுக்குத் தெரிவது 0.98. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அது சும்மா இருக்கும். சி.டி.யை ஈ.பி. மின்சாரம் உள்ளே வரும் இன்கமருக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் மின்சாரம் வெளியே பாயும் நேரங்களில் பழைய கன்ட்ரோலர் குழம்பிக் கெபாசிட்டரைத் தாறுமாறாக ஏற்றி இறக்கும். அதற்கு நான்கு குவாட்ரன்ட்டிலும், அதாவது மின்சாரம் எந்தப் பக்கம் பாய்ந்தாலும், அளக்கும் கன்ட்ரோலர் வேண்டும். 25 கேவிஏஆர் படிகளாக இருக்கும் கெபாசிட்டர் பேங்க், கிரிட்டில் குறைந்த கிலோவாட் இழுக்கும்போது முரட்டுத்தனமானது. 5, 10 என்று சிறு படிகள் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் சில லட்சங்கள் ஆகும். சந்தா ஒப்பந்தத்தில் இது யார் செலவு என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

இதற்கு இன்னொரு தீர்வு இன்வெர்ட்டரிலேயே இருக்கிறது. இன்றைய ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர்கள் ரியாக்டிவ் பவரும் தர வல்லவை. 300 கேவிஏ இன்வெர்ட்டர் 250 கிலோவாட் தந்துகொண்டிருக்கும்போது அதனால் 160 கேவிஏஆருக்கு மேல் தர முடியும், நமக்குத் தேவை 81 மட்டும். மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றினால் முடிந்தது. ஆனால் உச்ச வெயிலில் இன்வெர்ட்டர் முழுத் திறனில் ஓடும்போது கேவிஏஆர் கொடுத்தால் கிலோவாட் சற்றுக் குறையும். சந்தா நிறுவனத்துக்குப் பணம் யூனிட்டுக்குத்தான் வருகிறது, கேவிஏஆருக்கு வருவதில்லை. அதனால் அவர்கள் அந்த அமைப்பைத் தொடத் தயங்குவார்கள். ஆலைக்கு மாதம் ஆயிரக்கணக்கில் அபராதம் ஓடிக்கொண்டிருக்க, அதைத் தடுக்கும் கருவி ஆலையின் கூரையிலேயே சும்மா இருக்கும். சொந்தமாக வாங்கிய ஆலை அதே நாளில் மாற்றிக்கொள்ளும். உற்பத்தியான யூனிட்டுக்கு விலை வைக்கும் ஒப்பந்தம் எப்படித் தவறான பக்கம் இழுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். வீட்டு இணைப்புக்கு இருப்பதுபோல யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங் எச்.டி. ஆலைக்கு இங்கே இல்லை. மிஞ்சியதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம், அல்லது வெளியே விடாமல் இன்வெர்ட்டரைக் கட்டுப்படுத்தலாம். வாரம் ஒரு நாள் ஆலை மூடினால் 300 கிலோவாட் அமைப்பில் அன்றைக்கு 1,200 யூனிட், ஆண்டுக்கு 62,400 யூனிட். "டீம்டு ஜெனரேஷன்" என்றொரு பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கும். நுகர்வோர் பக்கக் காரணத்தால் எடுக்காத மின்சாரமும் உற்பத்தியானதாகவே கருதப்படும் என்று பொருள். 4.50 விலையில் அது ஆண்டுக்கு 2,80,000 ரூபாய், ஓடாத மெஷினுக்காக. பொங்கல், தீபாவளி விடுமுறை, ஆர்டர் இல்லாத வாரங்கள் எல்லாம் இதற்கு மேல்.

கையெழுத்துக்கு முன்

ஆகவே டீம்டு ஜெனரேஷனுக்கு ஒரு சலுகை வரம்பு வாங்குங்கள். வார விடுமுறையும் ஆண்டுக்கு இத்தனை நாள் மூடலும் கணக்கில் வராது என்று எண்ணிக்கையோடு எழுதப்பட வேண்டும். கிரிட் நின்ற நேரமும் அதில் வரக்கூடாது. அது ஆலையின் தவறில்லை.

விலை உயர்வுப் பிரிவைக் கால்குலேட்டர் இல்லாமல் படிக்காதீர்கள். ஆண்டுக்கு 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னது. 4.50 பதினைந்தாம் ஆண்டில் 6.80 ஆகும், இருபத்தைந்தாம் ஆண்டில் 9.15. அதே காலத்தில் பேனல் ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கு மேல் திறன் இழந்துகொண்டே வரும். ஈ.பி. கட்டணமும் ஏறத்தானே செய்யும் என்பார்கள். ஏறும். ஆனால் ஏறுவது எந்த வரியில் என்பது தெரியாது. டிமாண்ட் சார்ஜில் ஏற்றினால் சோலாரின் மதிப்பு ஒரு பைசாவும் கூடாது. உயர்வே இல்லாத 4.80, இந்த 3 சதவீத உயர்வுள்ள 4.30-ஐவிட நீண்ட ஒப்பந்தத்தில் மலிவு.

சட்டம் மாறினால் யார் தாங்குவது? இது ஏட்டளவிலான கேள்வி இல்லை. கூரை சோலாருக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்த நெட்வொர்க் கட்டணம் ஆலைகளின் கணக்கையே புரட்டிப்போட்டது. கொங்கு வட்டாரத் தொழில்முனைவோர் சங்கங்கள் போராடிய பிறகு 2023-ல் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு அதில் பாதி குறைக்கப்பட்டது. அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களில் "சட்ட மாற்றத்தால் வரும் செலவு நுகர்வோருடையது" என்ற ஒரு வரிதான் யார் கட்டுவது என்பதைத் தீர்மானித்தது. குறைந்தபட்சம் பாதிக்குப் பாதி என்றாவது பேசுங்கள். வரி குறைந்தாலும் அந்தப் பிரிவு வேலை செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. விலைப்புள்ளி அதற்கு முன்னால் வாங்கியது என்றால் திருத்தி வாங்குங்கள். மின்சார விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கருவி வாடகைக்கு உண்டு. ஆகவே ஆவணம் "மின்சாரக் கொள்முதல்" என்று சொல்கிறதா "மாத வாடகை" என்று சொல்கிறதா என்பதும் பணம்.

கூரையைப் பற்றித் தனியே ஒரு நாள் செலவழிக்கலாம். சிமென்ட் ஷீட் கூரையில் ஆள் ஏறி நடக்கவே கூடாது, பேனல் வேண்டாம். தகரக் கூரையில் ஸ்க்ரூ போட்ட துளை ஒவ்வொன்றும் நாலாவது மழைக்காலத்தில் ஒழுக்காக மாறும். பேனலுக்குக் கீழே ஒழுகினால் கண்டுபிடிப்பதே கடினம். நூல், துணி வைத்திருக்கும் ஷெட்டில் ஒரு ஒழுக்கின் சேதம் ஒரு வருடச் சோலார் மிச்சத்தை விழுங்கும். ஒழுக்குக்கு நிறுவனம் பொறுப்பு, இத்தனை ஆண்டுக்கு, இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கூரையை மாற்றவோ ஷெட்டை உயர்த்தவோ நேர்ந்தால் ஒருமுறை கழற்றி மாட்டுவது யார் செலவு என்பதையும். காற்று வேகம் சென்னைக் கரையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு வடிவமைக்கப்பட வேண்டும், கோவைக்கு 39 போதும். கோவை ஸ்ட்ரக்சரை அப்படியே சென்னையில் நட்டால் வர்தா மாதிரி ஒரு புயலில் பேனல் பக்கத்து வீட்டில் கிடக்கும்.

வெளியேறும் விலைப் பட்டியல் ஆண்டுவாரியாக ஒப்பந்தத்தோடு இணைப்பாக இருக்க வேண்டும். "இருவரும் பேசி முடிவுசெய்யலாம்" என்று இருந்தால் முடிவுசெய்யப் போவது அவர்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சோலாருக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. 1.20 கோடி ரூபாய் அமைப்புக்கு முதல் ஆண்டே 48 லட்சம் வருமானத்தில் கழியும். 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி. சந்தா முறையில் இந்தச் சலுகை போய்ச் சேருவது நிறுவனத்துக்கு. நாலைந்து ஆண்டில் அவர்கள் வருமான வரிக் கணக்கில் அந்த அமைப்பின் மதிப்பு எட்டில் ஒரு பங்காகியிருக்கும். வெளியேறும் விலை அதற்கு எத்தனை மடங்கு என்று பாருங்கள். லாபத்தில் ஓடி வரி கட்டும் ஆலை, வங்கியில் கடன் கிடைக்கும் ஆலை, இந்தத் தேய்மானத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு 20 ஆண்டு சந்தா கட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

கூரை இல்லாத ஆலைகளுக்குக் குரூப் கேப்டிவ் என்று ஒரு வழி. தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் சோலார், காற்றாலைப் பூங்காவில் பங்கு வாங்கி மின்சாரம் பெறுவது. 2005 மின்சார விதிகளின்படி நுகர்வோர் எல்லாரும் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது நுகர வேண்டும், அந்த நுகர்வும் அவரவர் பங்கு விகிதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. சரிபார்ப்பு நிதியாண்டு முடிவில். தவறினால் அந்த ஆண்டு முழுமைக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (ஈ.பி.யை விட்டு வெளியே மின்சாரம் வாங்குவோருக்குப் போடுவது) வந்து விழும். குழுவில் இன்னொரு ஆலைக்கு ஆர்டர் இல்லாமல் போனதற்கு நீங்கள் கட்ட நேரலாம். சேர்வதற்கு முன் குழுவில் வேறு யார் யார் என்று கேட்க வேண்டும்.

சந்தா பொருந்தும் இடம்

கென்யாவில் 2012 வாக்கில் எம்-கோபா என்ற நிறுவனம் வீட்டுச் சோலாரை எளிய முன்பணத்துக்கும் தினம் ஒரு சிறு தொகைக்கும் கொடுக்கத் தொடங்கியது. பணம் எம்-பெசா என்ற பணம் அனுப்பும் சேவை வழியே கைப்பேசியிலிருந்து போகும், கட்டாவிட்டால் கருவிக்குள் இருக்கும் சிம் வழியாக விளக்கு பூட்டிக்கொள்ளும். கடுமையான ஏற்பாடுதான். ஆனால் அது ஈடுசெய்தது மண்ணெண்ணெய்ச் செலவை. வாங்காத ஒவ்வொரு லிட்டரும் முழுசாக மிச்சம், படிக்கட்டணம் குறுக்கே வராது. ஏறக்குறைய ஓராண்டில் கட்டி முடித்தால் கருவி குடும்பத்துக்குச் சொந்தம். நம் நாட்டில் 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் பல மாநிலங்கள் எல்.இ.டி. பல்பை மின்கட்டண பில்லோடு பத்து ரூபாய் தவணையில் கொடுத்தன. பல்ப் மிச்சப்படுத்தும் யூனிட்டிலேயே தவணை அடைந்துவிடும். இரண்டிலும் கட்டும் பணம் மிச்சத்துக்குள் அடங்கியது, முடிவு தேதி தெரிந்தது.

கூரை சோலார் சந்தாவையும் அப்படி எழுத முடியும். ஆலை என்றால் உற்பத்தி யூனிட்டுக்குப் பதிலாக, ஈ.பி. பில்லில் குறைந்த தொகையில் இத்தனை பங்கு என்று வைக்கலாம். எரிசக்திச் சேமிப்பு நிறுவனங்கள் குளிரூட்டலிலும் கம்ப்ரஸர்களிலும் இதைச் செய்கின்றன. அதற்கு அடிப்படை ஆண்டு எது, உற்பத்தி டன் கூடினால் எப்படித் திருத்துவது, கட்டணம் மாறினால் என்ன என்று முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை கூடுதல், சண்டைக்கும் இடமுண்டு. ஆனால் அப்படி எழுதிய மறுநாளே பி.எஃப் சரிசெய்வது நிறுவனத்தின் அக்கறையாகிவிடும். மூன்றாவது கிலோவாட்டை வீட்டுக்காரர் தலையில் கட்டவும் யாரும் வரமாட்டார்கள்.

விற்பனைப் பிரதிநிதி வரும்முன் செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. வீடு என்றால் கடைசி ஆறு பில், ஆலை என்றால் பன்னிரண்டு. மின்பகிர்மானக் கழக இணையதளத்தில் சர்வீஸ் நம்பர் போட்டால் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு தாளில் பில்லுக்கு ஒன்றாக ஆறு வரி, ஒவ்வொன்றிலும்: ஓடிய யூனிட், கட்டிய தொகை, 240 குறைத்தால் தொகை, 480 குறைத்தால் தொகை. ஆலைக்கு யூனிட், டிமாண்ட், பி.எஃப், பீக் அவர் என்று நான்கு பத்தி, பக்கத்தில் மாதத்தில் ஆலை மூடிய நாட்கள். அந்தத் தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியிலும் உங்கள் சோலார் எவ்வளவு குறைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேளுங்கள்.